நின்று சமைக்கும் அடுப்பு

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

போன வாரம் தஞ்சோங் காராங் ஜவுளிக்கடை ஜாபர் வந்து, தன் மகள் கரீமாவைக் கிஃபாயத்துல்லாவின் மகன் நூருல் அமீனுக்குத் தருவதாக வெற்றிலை மாற்றிக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. கை கழுவத் தண்ணீர் தேடிப் பின்கட்டுக்குப் போனவர், சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

முப்பது வருஷத்துக் கரி அந்தச் சுவர்களில் அப்பிக் கிடந்தது. தரையோடு தரையாக இரண்டு விறகடுப்பு. அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊதுகுழலும் கையுமாகக் கிஃபாயத்துல்லாவின் மனைவி மெகராஜ் பேகம்.

"மாஷா அல்லாஹ், நல்லாக் கறுத்திருக்கு சம்பந்தி" என்றார் ஜாபர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் மகளுக்கு இளைப்பு. புகை பட்டா மூச்சு முட்டும். அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன்" என்றார்.

கிஃபாயத்துல்லாவின் முதுகு வளைந்து பழகிய முதுகு அல்ல. தொண்டியிலிருந்து கப்பலேறி வந்து, கோலசிலாங்கூர் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்து, பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெயர் ஏறிய நாள்வரை அவர் வீட்டைப் பற்றி எவரும் ஒரு குறை சொன்னதில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு இங்கேதான் உங்களுக்குச் சாப்பாடு. அன்னிக்கு வந்து பாருங்க, இந்தச் சமையல்கட்டை" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன சொல் அது. தவறினால் சம்பந்தமும் போகும், வீட்டின் பெயரும் போகும்.

சொல்லிவிட்டாரே தவிர, புதுச் சமையல்கட்டு எங்கே விற்கிறது என்று அவருக்குத் தெரியாது. கல்யாணச் செலவுக்கு ஒதுக்கியது போகக் கையில் நானூறு வெள்ளி. கடைத்தெருச் சீனத் தச்சர் வந்து சுவரை அளந்தார். மரமும் கூலியும் அறுநூறு, முடிக்க ஒன்றரை மாதம் என்றார். நூருல் அமீன் கோலாலம்பூர்க் கடை ஒன்றின் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தான். அதில் குதிகால் செருப்புப் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி அடுப்புக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிஃபாயத்துல்லா விலையைப் படித்தார். "இந்த விலைக்கு வித்தா நானும் இப்படித்தான் சிரிப்பேன்" என்று புத்தகத்தை மூடினார்.

தேநீர் குடிக்கக் கடைக்கு வந்த நாராயணசாமிதான் வழி காட்டினார். அவர் புக்கிட் பெலிம்பிங்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி. அந்தத் தோட்டத்துக் குன்றின்மேல் துரையின் பங்களா இருந்தது. காட்டுக்கு மிக அருகில் இருந்ததால், கம்யூனிஸ்டுகள் காட்டில் பதுங்கிச் சுடும் இந்த அவசரகாலத்தில் அங்கே குடியிருப்பது ஆபத்து என்று துரை கீழே ஆலைப்பக்கம் இறங்கிவிட்டார். அவருடைய மேம்சாப் சீமைக்கே போய்விட்டாள். அவள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்துச் சுவரில் பொருத்திய சமையலறை மட்டும் அங்கே சும்மா கிடந்தது.

"கழட்டி எடுத்துட்டுப் போறவங்களுக்கு முழுசா ஐந்நூறுன்னு சொல்லிட்டார் துரை" என்றார் நாராயணசாமி. "செஞ்சு நாலு வருஷம்கூட ஆகல பாய். நேர்ல வந்து பாருங்க. விலையைப் பேசிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை செல்லனின் லோரி கடை வாசலில் வந்து நின்றது. கிஃபாயத்துல்லா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால், முன்னிருக்கையில் ஏற்கெனவே மெகராஜ் பேகம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. மடியில் சோற்றுப் பொட்டலம்.

"நீ எங்கே?"

"சமைக்கப் போறது நான்தானே?"

"அங்கே சுடுறானுங்க, கொளுத்துறானுங்கன்னு ஊரே நடுங்குது. பொம்பளை வர்ற இடமா?"

"அப்ப ஆம்பளைகளைச் சுட மாட்டாங்களா?" என்றாள் அவள். செல்லன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை விழுங்கினான். கிஃபாயத்துல்லா ஏறி உட்கார்ந்தார்.

தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலி இரட்டைச் சுவராக நின்றது. துப்பாக்கி பிடித்த காவலர்கள் லோரியின் அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கண்டதும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு உருண்டை சோறு வேலிக்குள் போனாலும், அது காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சட்டம் சட்டம்தான். பசியோடு குன்றேறினார்கள்.

பங்களாவைச் சுற்றி மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். காத்திருந்த நாராயணசாமி முன்னால் நடந்து, பின்பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார்.

கிஃபாயத்துல்லாவுக்கு முதலில் தோன்றியது, செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதுதான். கழற்றினார்.

அறை முழுவதும் வெளிர்பச்சை. இரும்புத் தகட்டில் எனாமல் பூசிய அலமாரிகள் இந்தச் சுவரில் தொடங்கி மூலையில் திரும்பி அந்தச் சுவரில் போய் முடிந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையாது. அவற்றின் மேல் ஒரே நீளமாகப் பலகை, இடுப்பு உயரத்துக்கு. நடுவில் வெள்ளைப் பீங்கான் தொட்டி. அதன்மேல் அன்னத்தின் கழுத்தாக வளைந்த குழாய். மூலையில் மூன்று திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் வயிற்றுக்குள் ரொட்டி சுடும் பெட்டி. ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் வழிந்துகொண்டிருந்தது. கரி என்பது இந்த உலகத்தில் இருக்கிறது என்பதற்கே அங்கு அடையாளம் இல்லை.

அவர் ஓர் இழுப்பறையின் கைப்பிடியைத் தொட்டார். இழுக்கக்கூட இல்லை, அது தானாகவே வந்ததுபோல் வந்தது. சத்தம் இல்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றார், தமக்கே கேட்காத குரலில்.

"இன்னொரு தடவை இழுங்க பாய், உள்ளே சின்னச் சக்கரம் வச்சிருக்கான்" என்றார் நாராயணசாமி, தாமே செய்ததைப் போல.

மெகராஜ் பேகம் அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அடுப்புப் பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தாள். ஒரு கணம் அப்படியே இருந்து, மூடினாள். பிறகு துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. மூடினாள். மறுபடி திறந்தாள். இரண்டு கைகளையும் அதன் அடியில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிஃபாயத்துல்லா கதவருகே நின்றபடி அவளைப் பார்த்தார். சமையல்கட்டில் அவளை அவர் எப்போதும் மேலிருந்துதான் பார்த்திருக்கிறார். வகிடு, தோள், நெருப்பு வெளிச்சம் விழுந்த பாதி முகம். இப்போது முதுகு நிமிர்ந்து, கழுத்து நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் யார்? தலை ஜன்னலின் குறுக்குக் கட்டையைத் தொடுகிறதே. இவள் இத்தனை உயரமா? முப்பது வருஷமாக இந்த உயரத்தை மடக்கியா வைத்திருந்தாள்?

அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. பள்ளிவாசலில் பெரிய இமாம் ஓதும்போது வருமே, அதுபோல ஒன்று.

"நானூறுதான் இருக்கு கிராணியாரே" என்றார்.

"அப்ப ரெண்டு சாமானை விட்டுட்டுப் போங்க. எதை விடுறதுன்னு நீங்களே சொல்லுங்க."

கிஃபாயத்துல்லாவின் கண் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக் கதவு அலமாரியின்மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜாபர் உள்ளே வந்தால் முதலில் பளிச்சென்று தெரியப்போவது அதுதான்.

"அதை எடுத்துக்குவோம். தொட்டி எதுக்கு? நம்ம வீட்டுல தொட்டி இல்லையா?"

"நம்ம தொட்டி கொல்லையில இருக்கு" என்றாள் மெகராஜ் பேகம், குழாயிலிருந்து கையை எடுக்காமலே. "கண்ணாடிக்குப் பின்னால எதை வைப்பீங்க? நம்ம சட்டியில பாதி அடிபிடிச்சது. ஊருக்கே தெரியட்டும்னா?"

நாராயணசாமி மேல்கூரையைப் பார்த்தார்.

"கண்ணாடியும் வேணாம், அந்த நெட்டை அலமாரியும் வேணாம். தொட்டி, அடுப்பு, கீழ் அலமாரி நாலு. அது போதும்" என்றாள்.

அது அப்படியே முடிவாயிற்று. பணம் கைமாறியது. தோட்டத்துத் தச்சர் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

பங்களாவின் பழைய சமையல்காரர், நரைத்த தலையோடு ஒரு ஹைனான் சீனர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அடுப்பு துருப்பிடிக்காமல் ஒரு வீட்டுக்குப் போகிறதே என்று அவருக்குச் சந்தோஷம். வந்தவர்கள் பசியோடு இருப்பதைக் கேட்டதும், அடுப்பைக் கழற்றுவதற்குள் முட்டை பொரித்துத் தருகிறேன் என்று சட்டியை எடுத்தார். திரியைப் பற்றவைத்துக்கொண்டே மலாயில் அடுப்பின் பெருமையைப் பாடினார்.

"நாலு வருஷம் லா! ஒரு நாள் இது என்னைக் கைவிட்டதில்ல. தினம் காலையில துரைக்கு பாபி இதுலதான் பொரிப்பேன். ஞாயித்துக்கிழமைன்னா முழுத்தொடை இந்தப் பெட்டிக்குள்ள போகும். கொழுப்பு சொட்டச் சொட்ட வெளியே வரும்!"

"பன்றியா?" என்று கேட்டுவிட்டார் நாராயணசாமி.

"பின்னே! துரை வேற என்ன சாப்பிடுவார்?"

கிஃபாயத்துல்லா வெளிவராந்தாவுக்கு வந்து மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். ஓர் ஆடு வாங்கினால் அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்று மூன்று தடவை கேட்கிற மனிதர் அவர். இங்கே விலையைக் கேட்டார், அளவைக் கேட்டார், அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்கவில்லை. அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்ததும், இங்கே யாரும் எதையும் சமைத்ததே இல்லை என்று கண் நம்பிவிட்டது.

நாராயணசாமி பின்னாலேயே ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க பாய். எனக்கு அது தோணவே இல்ல. கொடுத்த டுயிட்டு நானூறையும் திருப்பி வாங்கித் தர்றேன். துரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதற்குள், பொரித்த முட்டையைத் தொடாமலே மெகராஜ் பேகமும் வெளியே வந்திருந்தாள். நாராயணசாமி மரியாதையாக விலகிப் போனார்.

"கேட்டியா அவன் சொன்னதை?" என்றார் கிஃபாயத்துல்லா.

"அந்தப் பெட்டியைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும். வாடை தெரியாதா?"

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"சொன்னா அப்பவே இறங்கிப் போயிருப்பீங்க." அவள் தன் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குக் கொஞ்ச நேரம் அங்கே நிக்கணும்னு இருந்துச்சு."

அவர் மணல் மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"இரும்பும் பீங்கானும்தானே?" என்றாள் அவள். "ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணைக் கரைச்சுக் கழுவணும். நாய் வாய் வச்ச பாத்திரத்தை எங்க உம்மா அப்படித்தான் சுத்தம் பண்ணுவா. பன்றிக்கும் அதுதான். அடுப்பைக் கழுவுறது என் வேலை. ஊர் பேசுறதுக்கு என்ன செய்யிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். பள்ளிவாசல் நிர்வாகி வீட்டில் பன்றி வெந்த அடுப்பு. அவர் கடையில் நாளைக்கு எவன் கை நனைப்பான்? ஜாபர் ஒரு வார்த்தை சிரித்துச் சொன்னால் போதும். தஞ்சோங் காராங் முதல் கிள்ளான் வரை பரவிவிடும். மகனின் கல்யாணம் அந்தச் சிரிப்போடு முடிந்துபோகும்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவள் ஒன்றும் பேசாமல் லோரியில் ஏறிவிடுவாள். மாலையில் வீட்டுக்குப் போய் அந்த இரண்டு அடுப்புக்கு முன்னால் குந்துவாள்.

"ஏத்தச் சொல்லுங்க கிராணியாரே" என்று குரல் கொடுத்தார். "மேலே தார்ப்பாய் போட்டு நல்லா மூடிக் கட்டணும். ஒரு மூலை வெளியே தெரியக் கூடாது." செல்லனிடம் தாழ்ந்த குரலில், "கேட்டா கோலாலம்பூர்க் கடைச் சாமான். என்ன?" என்றார்.

"சரிங்க முதலாளி."

மெகராஜ் பேகம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி லோரியை நோக்கி நடந்தாள்.

நான்கு மணிக்குள் கோலசிலாங்கூருக்கு வெளியே உள்ள போலீஸ் தடுப்புக்கு வந்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்து வந்த பஸ் ஒன்று முன்னால் நின்றது. பயணிகளை இறக்கி வரிசையாக நிறுத்திச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

மலாய்க்கார சார்ஜன் ஒருவர் லோரியைச் சுற்றி வந்தார். தார்ப்பாயைத் தட்டினார். "அவிழ்" என்றார்.

"கடைச் சாமான் துவான்" என்றான் செல்லன்.

"அலமாரிக்குள்ள அரிசி மூட்டை இருந்தா? அவிழ்!"

தார்ப்பாய் சரிந்தது. சாயங்கால வெயிலில் வெளிர்பச்சை அலமாரிகள் மின்னின. பஸ் பயணிகள் வாயைப் பிளந்தார்கள். வரிசை தானாகவே கலைந்து லோரிப்பக்கம் நகர்ந்தது. "ராஜா வீட்டுதாட்டம் இருக்கே!" என்றாள் ஒருத்தி.

சார்ஜன் கதவுகளைத் திறந்து பார்த்தார். அடுப்புப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டார். கையை இழுத்தவர் விரலை முகர்ந்தார். சட்டென்று கால்சட்டையில் தேய்த்துத் துடைத்தார். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை.

"எங்கே வாங்கினது இது?" என்றார் மலாயில், முகம் மாறி.

செல்லன் முதலாளியைப் பார்த்தான். கிஃபாயத்துல்லாவின் நாக்கில் கோலாலம்பூர் தயாராக இருந்தது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அட, சம்பந்தியா!"

கிள்ளானில் சரக்கெடுத்துக்கொண்டு திரும்பிய ஜாபர், துணிப்பொட்டலமும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தார். சார்ஜனின் கையைப் பார்த்தார். புரிந்துகொள்ள வியாபாரிக்கு வெகுநேரம் ஆகவில்லை.

மெகராஜ் பேகம் லோரியின் படியில் இறங்கி நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் கணவரை மட்டும் பார்த்தாள்.

கிஃபாயத்துல்லா சால்வையை எடுத்து ஒழுங்காகத் தோளில் போட்டுக்கொண்டார்.

"துரை பங்களாச் சாமான் இது" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. மலாயில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார். "பன்றி சமைச்ச அடுப்பு. தெரிஞ்சேதான் கொண்டு போறேன். நாளைக்கு அஸர் தொழுகை முடிஞ்சதும் என் வீட்டு வாசல்ல, நடுத்தெருவுல வச்சு, பள்ளிவாசல் லெப்பை முன்னால ஏழு தடவை கழுவப் போறோம். ஒரு தடவை மண்ணால. சந்தேகம் உள்ளவங்க வந்து எண்ணிக்குங்க."

சார்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "ஏழு தடவை. சரிதான்" என்று தடுப்பை உயர்த்தச் சொன்னார்.

ஜாபர் விடவில்லை. அருகில் வந்தார். "வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு இந்த அடுப்புலதானா?"

"இதுலதான். சாப்பிடுறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம் சம்பந்தி. உங்க கண்ணுக்குக் காட்டணும்னுதான் காலையில வீட்டை விட்டுக் கிளம்பினேன். இப்ப அப்படி இல்ல. இவ நிமிர்ந்து நின்னு சமைக்கணும். அதுக்குத்தான் வாங்கியிருக்கேன்."

தம் வாயா இதைச் சொல்கிறது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

ஜாபர் சிரிக்கவில்லை. அடுப்பின் மூன்று திரிகளையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கிஃபாயத்துல்லாவை விட்டுவிட்டு மெகராஜ் பேகத்திடம் கேட்டார். "புகை வருமாம்மா, இதுல?"

"முட்டை பொரிச்சப்பப் பார்த்தேன். இம்மியும் வரல."

பஸ்காரர் ஹாரன் அடித்தார். ஜாபர் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு அஸருக்கு வர்றேன் சம்பந்தி. கரீமாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அவளே நின்னு எண்ணட்டும். ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போறவன் நான். காலம் பூரா இதுக்கு முன்னால நிக்கப் போறவ அவதான்லா."

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நிக்காஹ் ஆகாத பெண், மாப்பிள்ளை வீட்டு வாசலில், நடுத்தெருவில், ஊர் பார்க்க! கிஃபாயத்துல்லாவின் பரம்பரையில் கேள்விப்படாத காரியம். வர வேண்டாம் என்றால், அடுப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். வரட்டும் என்றால், அவர் வாப்பா காலத்திலிருந்து காத்த முறை நாளைக்குச் சாயங்காலத்தோடு போகும்.

லோரி நகர்ந்தது. பாலத்தடியில் ஆறு தெரிந்ததும் மெகராஜ் பேகம், "செல்லன், கொஞ்சம் நிறுத்துப்பா. நல்ல மண்ணு எடுத்துக்கணும்" என்றாள்.

இறங்குவதற்கு முன் கணவர் பக்கம் திரும்பினாள். "அந்தப் புள்ள வர்றேன்னா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

கிஃபாயத்துல்லா ஆற்றைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு ஊரடங்கு" என்றார். "சீக்கிரம் மண்ணை எடு. எண்ண வர்றவ முன்னால குறையக் கூடாது."